காற்றுக்கு விடாத பங்கு

நாங்கள் அந்தக் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். கதவை அகலத் திறந்தும் வெயில் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. மண் தரை, கை நீட்டினால் தொடுகிற கூரை, ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற இடைவெளி விட்டு வரிசை வரிசையாகப் பீப்பாய்கள். முதலில் ஈர மண்ணின் வாசனை வந்தது. அப்புறம் கருகிய மரம். அதற்கும் பின்னால், சர்க்கரைப் பாகு காய்ச்சிக் கொஞ்சம் தீயவிட்டது போன்ற ஒரு வாசனை.

"மச்சான், எனக்கு வீடே வேண்டாம். இங்கயே ஒரு கட்டிலைப் போட்டுக் குடுத்துடு," என்றார் அத்தான்.

அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்தேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். விஸ்கி கம்பெனியில் அவருக்கு மூக்கு வேலை. எந்தப் பீப்பாய் தேறிவிட்டது, எது இன்னும் கிடக்க வேண்டும், எதை எதோடு கலக்கலாம் என்று முகர்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். ஆலையில் எல்லோருக்கும் அவர் 'மூக்கர்'. அக்காவைப் பெண் கேட்டு வந்தபோது எங்கள் அப்பா, "மாப்பிள்ளைக்குக் குடிப் பழக்கம் உண்டா?" என்று கேட்டாராம். கூட வந்தவர் தலையைச் சொறிந்துகொண்டே, "அதுதாங்க உத்தியோகமே," என்றிருக்கிறார். உண்மையில் அவரைப் போலக் குறைவாகக் குடிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. முக்கால்வாசி நாள் வாயில் வைத்துப் புரட்டிவிட்டு வாளியில் துப்பிவிடுவார்.

நான் அதே கம்பெனியில் பீப்பாய்த் தச்சன். பலகை சீவி, உள்ளே நெருப்புக் காட்டிக் கருக்கி, இரும்பு வளையம் அடித்து இறுக்குவது என் பாடு. வேலை வாங்கிக் கொடுத்தது அத்தான்தான். விஸ்கியை ரசிக்கக் கற்றுக் கொடுத்ததும் அவர்தான். "மடக்குன்னு ஊத்திக்காதே, அது என்ன இருமல் மருந்தா?" என்பார். வாய் குறுகிய கிளாஸில் கொஞ்சமாக ஊற்றி, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு மூக்கை உள்ளே விட வேண்டும். அப்போதுதான் காரம் தாக்காமல் வாசனை மட்டும் வரும். பிறகு நாலு சொட்டுத் தண்ணீர். உள்ளே ஒளிந்திருந்ததெல்லாம் அப்போது ஒவ்வொன்றாக வெளியே வரும். ரை என்கிற தானியத்தில் வடித்த விஸ்கி கொஞ்சம் முரடு, மிளகுக் காரம் நாக்கோரத்தில் நிற்கும். புகை போட்ட பார்லியில் வடித்தது ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும், முதல் தடவை முகம் சுளிக்கிறவன்தான் பிறகு அதை விடவே மாட்டான். போர்பன் என்றால் மக்காச்சோளம், புதுசாகக் கருக்கிய மரம், வெனிலா. எல்லாமே அவருக்குப் பிடிக்கும். போர்பன் மட்டும் உயிர்.

ஏதோ ஒரு பழைய ஆலையை மூடிவிட்டார்கள். அதன் கிடங்கை எங்கள் கம்பெனி அப்படியே வாங்கிவிட்டது. உள்ளே இருப்பதை முகர்ந்து சொல்ல அத்தான், பீப்பாய்களைச் சரிபார்க்க நான். சாவியை வைத்திருந்த காவல்கார அம்மா கதவைத் திறந்துவிட்டு, வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

நான் மரச்சுத்தியால் ஒவ்வொரு பீப்பாயின் முகப்பிலும் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போனேன். சரக்கு இருக்கிற மட்டும் தொப் தொப் என்று அடைத்த சத்தம் வரும். அதற்கு மேலே டொங் என்று வெறும் சத்தம். மூடியைத் திறக்காமலே உள்ளே எவ்வளவு என்று சொல்லிவிடலாம். கொஞ்ச நேரத்தில் ஒன்றைக் கவனித்தேன். அங்கே ஒரு பீப்பாயிலும் தக்கை இறுக்கமாக இல்லை. துணியைச் சுற்றி, இரண்டு விரலால் எடுக்கிற மாதிரி சும்மா செருகி வைத்திருந்தார்கள்.

பீப்பாய் மூச்சு விடும். மரத்தின் வழியாக வருஷா வருஷம் கொஞ்சம் சரக்கு காற்றோடு போகும். எங்கள் ஆட்கள் அதைக் 'காத்துப் பங்கு' என்பார்கள். அது எங்கேயும் உள்ளதுதான். ஆனால் இப்படி வாயைத் திறந்து போட்டுக் காற்றுக்கு ஊட்டிவிடுகிற மாதிரி வைத்திருந்த கிடங்கை நான் பார்த்ததில்லை.

"எந்தச் சோம்பேறிம்மா இங்க தச்சனா இருந்தான்?" என்று கேட்டேன்.

"நான் வரும்போதே அப்படித்தான் தம்பி இருந்துச்சு. இறுக்க வேண்டாம்னு பழைய ஆலைக்காரங்க சொல்லிட்டுப் போனாங்க. ஏன்னு நானும் கேக்கல," என்றார் சாவியம்மா.

கடைசி வரிசையின் மூலையில் இருந்த போர்பன் பீப்பாயைத் தட்டினேன். டொங், டொங், டொங். அடியில் மட்டும் ஒரு தொப். அத்தனையும் காற்றுக்குப் போய், அடிமண்டி மாதிரி கொஞ்சம்தான் மிச்சம். அத்தான் நீளக் குழாயை விட்டு உறிஞ்சி எடுத்துக் கிளாஸில் விட்டார். மூக்கை வைத்தார். வைத்த மூக்கை எடுக்கவேயில்லை.

"என்ன அத்தான்?"

அவர் கண் கலங்கியிருந்தது. "இவ்வளவு நாள் நான் முகர்ந்ததெல்லாம் என்ன எழவுன்னு இருக்கு மச்சான்," என்றார். என்னிடமும் நீட்டினார். உலர்ந்த பழம், பழைய தோல் பை, தேன், மழைக்கு முன்னால் வருகிற காற்று.

"இது காலின்னு ஆபீஸ்ல சொல்லிடு," என்றார்.

"கண்ணாடி ஜாடிக்கு மாத்திடலாமே? இல்லேன்னா இதுவும் காத்தோட போயிடும்."

"ஜாடிக்கு மாத்தினா இதோட வளர்ச்சி நின்னுடும். மரத்துலயே கிடந்து இன்னும் வளரணும். ஆனா ஒரு சொட்டு குறையக் கூடாது."

"கூழும் வேணும், மீசையும் நனையக் கூடாதுன்னா எப்படி?"

"அதுக்குத்தானே நீ இருக்கே," என்று என் தோளில் தட்டினார்.

தட்டினால் நான் செய்துவிடுவேன். வளையங்களை அடித்து இறுக்கினேன். பலகைச் சந்துகளில் தேன்மெழுகைத் தேய்த்து நிரப்பினேன். பிளாஸ்டிக் தாளால் சுற்றினேன். புதுத் தக்கை சீவி, மரச்சுத்தியால் ஓங்கி இறக்கினேன்.

தக்கை இறங்கியதும் கிடங்கில் ஒரு சத்தம் நின்றது.

அதுவரை அப்படியொரு சத்தம் இருந்ததே எனக்குத் தெரியாது. நிறையப் பேர் தூங்குகிற அறையில் கேட்கிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம். நின்ற பிறகுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஆரம்பித்தது, ஆனால் எங்கள் மூலையிலிருந்து மட்டும் வரவில்லை. அத்தான் கவனிக்கவில்லை. கிளாஸைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்துகொண்டிருந்தார்.

கொஞ்ச நாள் கழித்து மறுபடி போனோம். நான் தக்கையை எடுத்தேன். வெயில் காலத்தில் திறந்தால் பீப்பாய் உள்ளிருந்து காற்றை வெளியேதான் தள்ளும். இது இழுத்தது. 'ஹ்ஹ்' என்று ஒரு இழுப்பு. என் கையில் இருந்த மயிரெல்லாம் துளையின் பக்கம் சாய்ந்தன. அத்தான் அதற்குள் குனிந்து மூக்கைத் துளையருகில் கொண்டுபோய்விட்டார்.

"அம்மா அலமாரி!" என்றார் சிரித்துக்கொண்டே. "பூச்சி உருண்டை, மடிச்சு வச்ச துணி, பாதி தீர்ந்த செண்ட்டு பாட்டில். அப்படியே இருக்கு பாரு."

கிளாஸை வாங்கி முகர்ந்தேன். அத்தானின் அம்மா கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார், அந்த அலமாரியை நான் பார்த்ததேயில்லை. ஆனால் அதன் பச்சைக் கதவும் உடைந்த பிடியும் எனக்குத் தெரிந்தன. சுத்தியால் தட்டிப் பார்த்தேன். தொப் சத்தம் போன தடவையைவிட ஒரு சாண் மேலே வந்தது.

"உன் காதைக் கழுவு," என்றார் அத்தான்.

அந்த வாரமே அக்கா போன் செய்தாள். "தம்பி, உங்க அத்தானுக்கு என்னாச்சு? அவரு அம்மாவோட சால்வையை வெயில்ல போட எடுத்தேன். இது யாருதுன்னு கேக்குறாரு."

"விளையாடுறாரு."

"விளையாட்டு மாதிரி தெரியலடா."

அடுத்த தடவை கிளாஸிலிருந்து சைக்கிள் கடை வாசனை வந்தது. டியூப், ரப்பர் பசை, கிரீஸ் படிந்த கந்தல். அத்தானின் அப்பா பஞ்சர் ஒட்டிப் படிக்க வைத்தவர், அதை அத்தான் பெருமையாக ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் வேண்டுமென்றே அந்தக் கடைப் பேச்சை எடுத்தேன். "யாரு கடை?" என்றார். அவர் குரலில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை.

அக்கா மறுபடி போன் செய்தாள். இந்தத் தடவை குரலைத் தாழ்த்திப் பேசினாள். "அவரு சட்டையைத் துவைக்கவே வேண்டாம் போல இருக்குடா. நாளெல்லாம் போட்டுட்டுக் கழட்டுறாரு, கடையில வாங்கின துணி மாதிரி இருக்கு. வேர்வை வாசனைகூட இல்ல."

மறுநாள் ஆலையில் அவரைப் பார்த்தேன். பழைய பழக்கத்தில் முதுகில் ஒரு தட்டு தட்டினேன்.

டொங்.

என் காதை எனக்குத் தெரியும். பிழைப்பே அந்தக் காதில்தான். மறுபடி தட்டினேன். தோளில், முதுகின் நடுவில், இடுப்புக்கு மேலே. டொங், டொங், டொங்.

"என்ன மச்சான், பீப்பாயா நான்?" என்று அத்தான் சிரித்தார்.

அவரைத் தனியாக இழுத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சு விட வழியில்லாமல் நாம் அடைத்துவிட்ட பீப்பாய் இப்போது மூச்சை உள்ளே இழுக்கிறது, இழுப்பது உங்களை என்றேன். கிண்டல் செய்வார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியும்டா."

"தெரிஞ்சுமா?"

"எனக்குள்ள இருந்தப்போ அதெல்லாம் இவ்வளவு நல்லா இருந்ததில்ல மச்சான். அந்தக் கிளாஸ்ல வர்றப்போ எவ்வளவு சுத்தமா இருக்கு தெரியுமா? ஒரே ஒரு தடவை. அதோட விட்டுடறேன்."

எனக்கு வந்த கோபத்தில் அழுதேவிட்டேன். "பொடிசு மேல சத்தியம் பண்ணுங்க. இனிமே அங்க போக மாட்டேன்னு."

பொடிசு அவருடைய ஒரே மகள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. பல் விழுந்த வாயோடு நாள் முழுக்கப் பேசுவாள், அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்பார். அவள் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. பொடிசு பெயரைச் சொல்லி, என் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். நான் அதை நம்பினேன். நம்பாமல் வேறு என்னதான் செய்ய?

பிறகு ஒரு நாள் மத்தியானம் சாவியம்மாவிடமிருந்து போன் வந்தது. "உங்க அத்தான் காலையில வந்தாரு தம்பி. இன்னும் வெளிய வரல. கூப்பிட்டா பதில் இல்ல."

ஓடினேன். கடைசி வரிசையில், மண் தரையில், பீப்பாயில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தக்கை மறுபடி இறுக்கமாக அடைத்திருந்தது. மடியில் காலிக் கிளாஸ். முகத்தில் அவ்வளவு நிம்மதி.

"வாங்க," என்றார். என்னை அவர் 'வாங்க' என்றதேயில்லை.

"அத்தான்..."

"இன்னிக்கு வந்தது ரொம்ப நல்ல வாசனைங்க. பென்சில் சீவின தூள். பால். தூங்கி எழுந்த சின்னப் பொண்ணோட தலை." கொஞ்சம் யோசித்தார். "யாரு வீட்டுக் குழந்தைன்னுதான் தெரியல."

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பிளாஸ்டிக் தாளைக் கிழித்தேன். பக்கவாட்டில் அடித்து அடித்துத் தக்கையைக் கிளப்பி எறிந்தேன்.

பீப்பாய் மூச்சை விட்டது.

நீளமான மூச்சு. முதலில் அலமாரி வந்தது, என் முகத்தைத் தொட்டுக்கொண்டு கடந்து வாசல் பக்கம் போனது. பின்னாலேயே பஞ்சர் கடை. அப்புறம் அக்காவும் அவரும் குடிபோன முதல் வீட்டின் ஈரப் பெயிண்ட் வாசனை. அவை அவரிடம் திரும்பிப் போகும் என்று நினைத்தேன். அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. ஒவ்வொன்றும் அவரைத் தாண்டி, வாசலைத் தாண்டி, வெயிலில் போய்க் கலந்து இல்லாமல் போனது. பென்சில் தூள் வாசனை மெல்ல எழும்ப ஆரம்பித்ததும்தான் எனக்கு உறைத்தது. திறந்து வைத்தால் காற்று கொண்டுபோய்விடும். பாய்ந்து தக்கையைத் தேடி எடுத்து உள்ளங்கையாலேயே அடித்து அடைத்தேன். கை கிழிந்தது. சட்டையெல்லாம் விஸ்கி.

இன்னொரு வழி இருந்தது. குழாயில் கொஞ்சம் எடுத்துக் கிளாஸில் விட்டு, நாலு சொட்டுத் தண்ணீர் சேர்த்து அவர் கையில் கொடுத்தேன். "குடிங்க அத்தான். முழுங்குங்க. இது உங்களோடதுதான்."

வாயை லேசாகத் திறந்து, முறைப்படி முகர்ந்தார். ஒரு மடக்கு வாயில் வைத்துப் புரட்டினார். பிறகு மரியாதையாகத் தரையின் ஓரமாகத் துப்பினார்.

"தண்ணிங்க," என்றார். "வெறும் தண்ணி."

வீட்டுக்கு அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். அக்கா ஓடி வந்து அவரை உலுக்கினாள். "ரொம்ப நன்றிங்க, எனக்கு ஒண்ணும் இல்ல," என்றார் அவர். சத்தம் கேட்டுப் பொடிசு வந்தாள். அப்பாவைப் பார்த்தாள், கிட்டே போகவில்லை. நேராக என்னிடம் வந்து, விஸ்கி நனைந்த என் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அப்பா வந்துட்டாரா மாமா?" என்று கேட்டாள்.

டாக்டர்கள் ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், பெரிய பெரிய பெயராகச் சொன்னார்கள். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒரு நாள் என்னோடு கிடங்குக்கு வந்தாள். நான் ஒரு கிளாஸில் எடுத்துக் கொடுத்தேன். முகர்ந்தாள். அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அந்தக் கிளாஸை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள். என்னால் பக்கத்தில் நிற்க மட்டும்தான் முடிந்தது.

"மூடிடு தம்பி," என்றாள் கடைசியில். "முன்னவிட நல்லா இறுக்கி மூடு."

"மூடினா அது மறுபடி இழுக்கும்க்கா."

"தொறந்து வச்சா?"

நான் திரும்பி வாசல் வெயிலைப் பார்த்தேன்.

"அவரு அங்கயாவது இருக்கட்டும்டா."

இறுக்கினேன். மெழுகு, தாள், தக்கை, எல்லாம் பழையபடி. யாரும் அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் அதற்கு இழுக்க ஆள் ஏது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கிடங்கை விட்டு வரும்போது அக்கா தன் கைக்குட்டையை அந்தக் கிளாஸில் நனைத்து எடுத்துக்கொண்டாள். பொடிசு அப்பா அப்பா என்று ஏங்குகிறாள், ஒரு கைக்குட்டையால் என்ன வந்துவிடப்போகிறது என்றாள். எனக்கும் அது சரியென்றே பட்டது.

அதிலிருந்து அந்தக் கைக்குட்டை பொடிசின் கையை விட்டு இறங்குவதில்லை. வீட்டுப்பாடம் எழுதும்போது, டிவி பார்க்கும்போது, ஒரு முனை மூக்கில் இருக்கும். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்ததைச் சாப்பிட்டு, நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் வேலை முடிந்து தினமும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன். போன வாரம் மனசு கேட்காமல் கிடங்குக்குப் போய், திறக்காமல் வெளியிலிருந்து மட்டும் தட்டிப் பார்த்தேன். நாங்கள் மூடிய பிறகு அந்தக் கதவை யாரும் திறக்கவில்லை என்று சாவியம்மா சொன்னார்.

தொப் சத்தம் நாங்கள் மூடிய அன்றைக்கு இருந்த இடத்தைவிட மேலே வந்தது.

நேற்றுச் சாயங்காலம் அக்கா சமையலறையில் இருந்தாள். பொடிசு மேஜையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தி, கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோனாள். வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டாள். அதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

"மாமா, இன்னிக்கு இதுல புது வாசனை வருது," என்றாள்.

"என்ன வாசனைடா?"

"சோப்பு. பவுடர். ஈரக் கை. நெத்தியில கை வச்சுக் காய்ச்சல் பாப்பாங்கல்ல, அந்தக் கை." கண்ணை மூடிச் சிரித்தாள். "ரொம்ப நல்லா இருக்கு மாமா. யாரோடதுன்னுதான் தெரியல."

நான் கைக்குட்டையைப் பிடுங்கினேன். அதே நேரம் சமையலறையிலிருந்து அக்கா, "பொடிசு, கை கழுவிட்டு சாப்பிட வா," என்று குரல் கொடுத்தாள்.

பொடிசு நாற்காலியிலிருந்து இறங்கி என் பக்கமாக ஒட்டி நின்றாள். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, சமையலறைக்குக் கேட்காதபடி மெல்லக் கேட்டாள்.

"மாமா, உள்ள யாரு?"